தண்ணீரா, வலையா? சால்மன் பிடிக்கப் போய் வெறுங்கையோடு திரும்புவதன் கணக்கு

ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லையோரம், ட்வீட் ஆற்றங்கரையில் கெல்சோ என்ற சிற்றூர் இருக்கிறது. டெவியட் என்ற துணையாறு ட்வீடுடன் கலக்கும் கூடுதுறை அங்கேதான். அந்த இடத்து மடுவுக்கு 'ஜங்ஷன் பூல்' என்று பெயர். சால்மன் தூண்டில்காரர்கள் அதைக் கோயில் குளம்போல மரியாதையாகப் பேசுவார்கள். இலையுதிர் காலத்தில் அங்கே ஒரு வாரம் தூண்டில் போட ஆயிரக்கணக்கான பவுண்டு கட்ட வேண்டும். அவ்வளவு கொடுத்து வருகிறவர் காலையில் கரைக்கு வந்ததும் தூண்டிலைத் தொடமாட்டார். நீர்மட்டம் காட்டும் அளவுப் பலகையைத்தான் பார்ப்பார். நேற்று மாலையைவிட நான்கு அங்குலம் இறங்கியிருந்தால் முகம் மலரும். இரண்டு வாரமாக மட்டம் அசையவே இல்லை என்றால் அன்றைய பொழுது போயிற்று.

வாரம் முடிந்து வெறுங்கையோடு ஊர் திரும்புகிறவரிடம் காரணம் கேட்டால் முன்பெல்லாம் இரண்டில் ஒரு பதில் வரும். ஒன்று, தண்ணீர் சரியில்லை. மற்றது, கீழே கழிமுகத்தில் வலைபோட்டு அள்ளிவிட்டார்கள். பிரிட்டன், அயர்லாந்து ஆற்றங்கரைகளில் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய பதில்கள் இவை. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இவற்றை இரண்டு தனிக் காரணங்களாக நினைக்கும்போதுதான் கணக்குப் பிசகுகிறது. வலையின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதையும் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. அது விளங்க வேண்டுமானால் முதலில் மீனைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும்.

நம் ஊர் மீன்கடையில் 'இந்தியன் சால்மன்' என்று எழுதிவைத்து விற்பது காலா மீன். அதன் குடும்பமே வேறு. பெரிய கடைகளில் ஐஸின்மேல் ஆரஞ்சு நிறத் துண்டுகளாகப் பரப்பியிருப்பது பெரும்பாலும் நார்வே போன்ற நாடுகளின் கடற்பண்ணையில் தீனி தின்று வளர்ந்த மீன். இங்கே பேசப்போவது ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய், தானாக வளர்ந்து திரும்பும் அட்லாண்டிக் சால்மனைப் பற்றி.

இப்படிக் கடலிலிருந்து ஆறேறும் மீன் நமக்குப் புதிதல்ல. உல்லம் மீன் காவிரியில் ஏறிக்கொண்டிருந்தது. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் அந்த வரத்து நொடித்துப்போயிற்று. சால்மனின் பயணம் அதைவிட நீளமானது. குளிர்காலத் தொடக்கத்தில் தாய்மீன் ஆற்றின் மேற்பகுதியில் கூழாங்கல் படுகையை வாலால் அடித்துக் குழியாக்கி முட்டையிடும். குஞ்சுகள் ஆற்றிலேயே ஓரிரு ஆண்டு, குளிர்ந்த ஆறுகளில் அதற்கும் மேலாக, வளரும். பிறகு ஒரு வசந்தத்தில் விரல் நீள மீன்கள் உடம்பெல்லாம் வெள்ளி பூசிக்கொண்டு கடலுக்கு இறங்கும். அந்தப் பருவத்து மீனுக்கு ஸ்மோல்ட் என்று பெயர். நார்வே கடல், ஃபாரோ தீவுகள், மேற்கு கிரீன்லாந்து என்று போய் மேய்ந்துவிட்டு, பிறந்த ஆற்றின் வாசனையைத் தேடித் திரும்பும். கடலில் ஒரே ஒரு குளிர்காலம் கழித்துத் திரும்பினால் அது கிரில்ஸ். இரண்டு மூன்று கிலோ இருக்கும். இரண்டு மூன்று குளிர்காலம் கழித்து வருவதுதான் பெரிய மீன்.

ஆற்றுக்குள் நுழைந்த சால்மன் சாப்பிடுவதில்லை. முட்டையிடும்வரை மாதக்கணக்கில், கடலில் சேர்த்த கொழுப்பைக் கரைத்தே காலம் தள்ளுகிறது, இரைப்பையே சுருங்கிவிடுகிறது. ஆக, தூண்டில்காரர் பசியே இல்லாத மீனுக்கு இரை காட்டுகிறார். இறகும் நூலும் மினுக்கும் கட்டிய கொக்கியை, அதாவது ஃபிளையை, மீனின் முன்னால் நீரோட்டத்தில் அசையவிடுகிறார். சில வேளை மீன் பாய்ந்து கவ்வுகிறது. குஞ்சுப் பருவப் பழக்கத்தின் மிச்சம் என்பார்கள் சிலர், தன் இடத்துக்குள் வந்ததை விரட்டும் கோபம் என்பார்கள் வேறு சிலர். கோபம் என்ற விளக்கம்தான் எனக்குப் பிடித்தது. பிடித்தது என்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் என்னிடம் இல்லை. எப்படியானாலும், மடுவில் மீன் இருப்பது வேறு, அது தூண்டிலைக் கவ்வுவது வேறு. நூறு மீன் கிடக்கும் மடுவில் நாள் முழுவதும் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் போகலாம்.

ஆறு எப்போது திறக்கிறது?

தூண்டில்காரர் 'நிலைமை' என்று சொல்லும்போது நான்கைந்து விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறார். அவற்றில் முக்கால் பங்கு நீர்மட்டம்தான்.

மழை பெய்து ஆறு ஏறத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் சருகும் சுள்ளியும் நுரையும் மிதந்து வரும், நீர் கலங்கும். அப்போது தூண்டில் போடுவது வீண் வேலை. ஆனால் கழிமுகத்தில் காத்துக்கிடந்த மீன்களுக்கு அதுதான் அழைப்பு. புதுவெள்ளத்தின் வாசனை கடலுக்குள் போனதும் அவை கூட்டம் கூட்டமாக உள்ளே நுழைகின்றன. வெள்ளம் உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது கலங்கல் தெளிகிறது. மேட்டுநில ஆறுகளில் அந்த நீர் பால் சேர்க்காத தேநீரின் நிறத்தில் இருக்கும். கரி படிந்த சதுப்பு மண்ணின் சாயம் அது. ஓடி வந்த மீன்கள் பாறையின் பின்னாலும் மடுவின் வாலிலும் ஒதுங்கி இளைப்பாறுகின்றன. வெள்ளம் வடிந்து தெளியும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் பொன்னான நேரம். மேற்குக் கடற்கரையின் குட்டை ஆறுகளில் அது சில மணி நேரத்திலேயே முடிந்துவிடும். காலைச் சிற்றுண்டிக்கு நேரம் எடுத்துக்கொண்டவர் ஆற்றைத் தவறவிட்டிருப்பார்.

ஒரே வெள்ளம் எல்லோருக்கும் நல்லதல்ல. நீர் மிக அதிகமாக இருந்தால் மீன்கள் கீழ்ப்பகுதி மடுக்களில் நிற்காமலே கடந்துபோய்விடும். கீழே பணம் கட்டியவர் பல்லைக் கடிக்கும்போது முப்பது கிலோமீட்டர் மேலே இருப்பவர் கொண்டாடிக்கொண்டிருப்பார். நீர் குறைவாக இருந்தால் இது தலைகீழாகும்.

அடுத்தது வெப்பநிலை. ஆற்று நீர் ஐந்தாறு டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கும்போது மீன் சோம்பிக் கிடக்கும். அருவிகளையும் தடுப்பணைகளையும் தாண்டத் தயங்கும். அதனால் ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் ஜனவரி 15 அன்று பருவம் தொடங்கும்போது பெரிய கொக்கியை ஆழத்தில் மெதுவாக இழுப்பார்கள். பத்து டிகிரி தாண்டியதும் சின்ன ஃபிளை, மேல்மட்ட நீர். இருபதை நெருங்கினால் தூண்டிலைச் சுருட்டிவிடுவது நல்லது. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. அந்த நிலையில் போராடிக் களைத்த மீனைத் திரும்ப விட்டாலும் பிழைப்பது நிச்சயமில்லை. பல ஆறுகளில் இப்போது நிழலுக்காகக் கரையோரம் மரம் நடுகிறார்கள்.

வெளிச்சம், காற்று, காற்றழுத்தம் என்றெல்லாம் இன்னும் நிறையச் சொல்வார்கள். மேகமூட்டம் நல்லது என்பதை ஒப்புக்கொள்ளலாம். மற்றவற்றில் பாதி, தோற்ற பிறகு கண்டுபிடித்த காரணங்கள்.

கரையில் கூடவே நின்று எந்த மடுவில் எங்கே போட வேண்டும் என்று சொல்லும் உள்ளூர் ஆளுக்குக் கில்லி என்று பெயர். நம் கிட்டிப்புள்ளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அவர் மீன் கரையேறியதும் முதலில் பார்ப்பது அதன் வாலடியை. அங்கே அரிசியளவுக் கடல் பேன்கள், பின்னால் இழை போன்ற முட்டைச் சரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால், மீன் கடலை விட்டு வந்து ஓரிரு நாள்தான் ஆகிறது. நன்னீரில் அந்தப் பேன் நீடிப்பதில்லை. கழிமுகத்திலிருந்து நெடுந்தூரம் மேலே பேனோடு ஒரு மீன் கிடைத்தால், கீழே ஆறு திறந்திருக்கிறது, மீன் நிற்காமல் ஓடி வருகிறது என்று பொருள். அந்த ஒரு பேன், பலகையில் எழுதிய நீர்மட்டத்தைவிட அதிகம் சொல்லும்.

வலைக்காரர் என்ன செய்தார்?

ஆற்றுவாயில் சால்மன் பிடிக்கும் பழைய முறையைத் தமிழ்க் கடற்கரைக்காரருக்கு விளக்கவே வேண்டாம். அது நம் கரைவலையின் தம்பி. ஒரு ஆள் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக் கரையில் நிற்பார். தட்டையான அடியுள்ள 'கோபிள்' என்ற சிறு படகு வலையை இறக்கிக்கொண்டே அரைவட்டமாகப் போய், கீழே வேறோர் இடத்தில் கரைசேரும். இரண்டு முனைகளையும் சேர்த்து இழுப்பார்கள். சட்டம் ஒரு நிபந்தனை வைத்தது: வலை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும், ஆற்றின் குறுக்கே கட்டிவைக்கக் கூடாது.

கட்டிவைக்கும் வலைகளுக்கு இடம் கடற்கரை. கரையிலிருந்து நேராகக் கடலுக்குள் ஒரு வலைச்சுவர் நீளும். கரையோரமாகத் தன் ஆற்றைத் தேடி வரும் மீன் சுவரில் முட்டி, கடல்பக்கமாகத் திரும்பி, சுவர் முனையில் இருக்கும் பொறிக்குள் போய்விடும். கம்பு நட்டுக் கட்டினால் ஒரு பெயர், நங்கூரம் போட்டு மிதக்கவிட்டால் இன்னொரு பெயர். மூன்றாவது, கடலில் படகிலிருந்து மிதக்கவிடும் செவுள் வலை. மீன் அதன் கண்ணியில் தலையை நுழைத்துச் செவுளில் மாட்டிக்கொள்ளும். ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவில் உள்ள சால்வே கழிமுகத்தில், சட்டகம்போல் செய்த மரக்கட்டையில் வலை கட்டி, மார்பளவு நீரில் வரிசையாக நின்று பிடிக்கும் முறையும் உண்டு. வைக்கிங் காலத்தில் வந்தது என்பார்கள்.

இது சிறு தொழிலாக இருந்தவரை சச்சரவு உள்ளூரோடு நின்றது. 1780களில் ஜார்ஜ் டெம்ப்ஸ்டர் என்பவர் சால்மனை ஐஸில் வைத்து லண்டனுக்கு அனுப்பும் யோசனையைப் பரப்பினார். அதுவரை வேகவைத்து ஊறுகாய்போல் பதப்படுத்தித்தான் அனுப்பினார்கள். ட்வீட் கழிமுகத்தில் உள்ள பெரிக் நகரில் அந்தக் காலத்து ஐஸ் கிடங்குகள் இன்றும் இருக்கின்றன. புதுமீனுக்குத் தலைநகரில் விலை கிடைத்ததும் வலையின் எண்ணிக்கை கூடியது. பின்னர் ரயில் வந்தது. மேல்நாட்டுச் சீமான்கள் பொழுதுபோக்காகத் தூண்டிலோடு அதில் வந்து இறங்கினார்கள். ஒரே மீனுக்கு இரண்டு சொந்தக்காரர்கள் ஆனார்கள்.

சொந்தக்காரர் என்பது சும்மா சொல்வதல்ல. ஸ்காட்லாந்தில் சால்மன் பிடிக்கும் உரிமை, நிலத்திலிருந்து தனியாக வாங்கவும் விற்கவும் கூடிய சொத்து. கழிமுகத்தில் வலை உரிமை ஒருவரிடம், மேலே தூண்டில் உரிமை வேறொருவரிடம் இருக்கும். கீழே இருப்பவர் முதலில் அள்ளுகிறார். மேலே இருப்பவர் மிச்சத்துக்குக் காத்திருக்கிறார். நம் ஊரில் வாய்க்காலின் தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் நடக்கும் சண்டைதான். ஒரு வேறுபாடு: இங்கே பணமும் செல்வாக்கும் இருந்தது கடைமடையில்.

சட்டம் நெடுங்காலமாகவே நடுவில் நின்றது. 1215இன் மாக்னா கார்ட்டாவிலேயே, ஆறுகளின் குறுக்கே கட்டிய மீன்தடுப்புகளை அகற்ற வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஸ்காட்லாந்தின் வார விடுமுறை விதியும் பழையது. அதற்கு 'ஸ்லாப்' என்று பெயர். வாரக்கடைசியில் எல்லா வலைகளும் மீனுக்கு வழிவிட வேண்டும். முன்பு 42 மணி நேரமாக இருந்த அதை 1988இல் 60 மணி நேரமாக்கினார்கள். வெள்ளி மாலை ஆறு மணியிலிருந்து திங்கள் காலை ஆறு மணி வரை. அந்த இடைவெளியில் நுழைந்த மீன் எந்த நாளில் தன் மடுவுக்கு வரும் என்று மேலே இருப்பவர்கள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டும் சந்திக்கும் இடம்

இப்போது மழையில்லாத ஒரு ஜூலை மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு எலும்பும் தோலுமாக ஓடுகிறது. கடலிலிருந்து வந்த மீன் ஆற்றுவாயில் நின்று முகர்ந்து பார்க்கிறது, உள்ளே வரவில்லை. ஏற்றத்தோடு உள்ளே வந்து வற்றத்தோடு வெளியே போகிறது. கரையோரமாக மேலும் கீழும் அலைகிறது. அலையும் ஒவ்வொரு முறையும் வலைச்சுவரைச் சந்திக்கிறது. நல்ல மழைக்காலத்தில் ஒரே நாளில் வலையைத் தாண்டிப் போயிருக்க வேண்டிய மீன், மூன்று வாரம் வலைகளுக்கு நடுவிலேயே வாழ்கிறது. சனி ஞாயிறு வலை ஓய்ந்திருந்தாலும் என்ன பயன்? கதவு திறந்திருக்கிறது, உள்ளே போக ஆற்றில் தண்ணீர் இல்லை. திங்கள் காலை கதவு சாத்தும்போது மீன் இன்னும் வாசலிலேயே நிற்கிறது.

அறுபது மணி நேர விடுமுறை ஈரமான ஆண்டில் வரம். வறண்ட ஆண்டில் அது பெரும்பாலும் காகிதத்தில் மட்டும் இருக்கிறது. சட்டம் மாறவில்லை, வலையும் கூடவில்லை. ஆனால் வலையின் பங்கு ஏறிவிட்டது.

கணக்காகப் போட்டால் விளங்கும். எண்கள் என் கற்பனை, விகிதம் மட்டும் நடப்பில் காணக்கூடியது. ஆயிரம் மீன் கடற்கரைக்கு வருகின்றன. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் வலைகள் 300 எடுத்தன; 700 ஆறேறின. அவற்றில் நூற்றுக்குப் பதினைந்து தூண்டிலில் விழுந்தால் 105. வறண்ட ஆண்டில் அதே ஆயிரத்தில் வலைகள் 500 எடுத்தன. உள்ளே வந்தவை 500. அவையும் குறைந்த நீரில் மடுவின் அடியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடப்பதால் நூற்றுக்கு எட்டுதான் கவ்வுகின்றன: 40. தூண்டில்காரரின் குறிப்பேட்டில் 105 என்பது 40 ஆகிறது. கீழே வலைக்காரர் கூடை கூடையாக ஏற்றுவதை அவர் கண்ணால் பார்க்கிறார். பழி எங்கே போகும் என்று சொல்லவே வேண்டாம்.

சரி, அதே வறண்ட ஆண்டில் வலையே இல்லை என்று வைப்போம். ஆயிரத்தில் எட்டு சதவீதம், 80. மழை ஆண்டில் வலை இல்லாதிருந்தால் பதினைந்து சதவீதம், 150. வலை எடுத்துக்கொண்டது 40 மீன். தண்ணீர் எடுத்துக்கொண்டது 70. 'வலை போனால் பழைய பொற்காலம் திரும்பும்' என்ற நம்பிக்கையை இந்த ஒரு வரிக் கணக்கு கலைத்துவிடுகிறது.

இன்னொன்றும் இதிலேயே இருக்கிறது. மழை ஆண்டில் வலையை எடுத்துவிட்டால் கூடுதலாக ஆறேறுபவை 300. அவற்றில் தூண்டிலுக்கு வருவது 45 மட்டுமே. மீதி 255 மேலே போய் முட்டையிடும். ஆகவே வலையை நிறுத்துவதன் முதல் பலன் மீனுக்கு, இரண்டாவதுதான் தூண்டில்காரருக்கு. வலை உரிமையை வாங்கி நிறுத்தப் பணம் திரட்டியவர்களில் எத்தனை பேர் இதை எதிர்பார்த்தார்கள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. கூடுதல் முட்டையும் எல்லையில்லாமல் உதவாது. ஆற்றில் குஞ்சுகளுக்கான இடமும் இரையும் அளவானவை. படுகை நிரம்பிவிட்டால் அதற்குமேல் இடும் முட்டையால் ஸ்மோல்ட் எண்ணிக்கை கூடாது. முட்டையிடும் மீன் ஏற்கெனவே போதாத ஆற்றில்தான் அந்த 255 பெரிய வித்தியாசம் செய்யும்.

கடலோர வலைகளைப் பற்றி வேறொரு முறையீடும் உண்டு. அதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆற்றுவாய் வலை பிடிப்பது அந்த ஆற்றின் மீனை. கடலில் மிதக்கும் செவுள் வலைக்கோ வருவது எந்த ஆற்று மீன் என்று தெரியாது. வளமான ஆற்றின் மீனும், கடைசி மூச்சில் இருக்கும் ஆற்றின் மீனும் ஒரே கண்ணியில் மாட்டும். ஸ்காட்லாந்து தன் கரையில் இந்த முறையை 1962இலேயே தடுத்துவிட்டது. தெற்கே, இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் அது தொடர்ந்தது. அடையாள வில்லை கட்டி விட்டுப் பார்த்தபோது, அங்கே சிக்கியவற்றில் பெரும்பகுதி ஸ்காட்லாந்து ஆறுகளுக்குப் போய்க்கொண்டிருந்த மீன் என்று தெரிந்தது. 2003இல் 68 உரிமக்காரர்களில் 52 பேருக்கு இழப்பீடு கொடுத்து விலகச் செய்தார்கள். 2019இலிருந்து அந்த மீன்பிடிப்பு முழுவதும் நின்றது. அயர்லாந்து தன் கடல் செவுள் வலைகளை 2006 பருவத்தோடு நிறுத்திக்கொண்டது.

அதற்கும் அப்பால் கிரீன்லாந்து. மேய்ச்சல் கடலிலேயே மீனைப் பிடித்தால் எந்த நாட்டு ஆறும் தப்பாது. 1971இல் அங்கே சுமார் 2,700 டன் சால்மன் பிடித்தார்கள். ஐஸ்லாந்துத் தொழிலதிபர் ஓரி விக்ஃபூசன் 1989இல் ஒரு நிதியம் தொடங்கி, மீனவர்களோடு உட்கார்ந்து பேசி, வலையை நிறுத்துவதற்கு விலை கொடுத்தார். தடை கேட்டு அரசின் கதவைத் தட்டுவதைவிட, மீனவரின் உரிமையை மதித்து வாங்கிக்கொள்வது என்ற அவருடைய வழி எனக்கு நாகரிகமாகத் தோன்றுகிறது. 2017இல் அவர் இறக்கும்வரை அதையே செய்துகொண்டிருந்தார்.

2016இல் ஸ்காட்லாந்து கடலோரத்தில் சால்மனைப் பிடித்து வைத்துக்கொள்வதையே தடுத்தது. ஒவ்வோர் ஆற்றிலும் போதிய முட்டை விழும் வாய்ப்பைக் கணக்கிட்டு மூன்று தரமாகப் பிரித்தார்கள். மூன்றாம் தர ஆற்றில் தூண்டிலில் பட்ட மீனையும் உயிரோடு விட்டாக வேண்டும். தூண்டில்காரர்களும் மாறிவிட்டார்கள். 1994இல் பிடித்ததில் நூற்றுக்கு எட்டைக்கூடத் திரும்ப விடாதவர்கள் இன்று தொண்ணூற்றைந்துக்கு மேல் விடுகிறார்கள். 1922 அக்டோபர் 7 அன்று டே ஆற்றில் ஜார்ஜினா பாலன்டைன் என்ற பெண்மணி பிடித்த 64 பவுண்டு மீன்தான் இன்றும் பிரிட்டனில் தூண்டிலில் பட்ட சால்மனின் சாதனை. இன்று அப்படி ஒன்று மாட்டினால் நீரிலேயே வைத்து அளந்து, படம் எடுத்துக்கொண்டு, விட்டுவிடுவார்கள்.

அப்படியானால் வலை ஓய்ந்த ஆறுகளில் மீன் பெருகியதா? ஸ்காட்லாந்தின் தூண்டில் கணக்கு 2010இல் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தைத் தாண்டி உச்சம் தொட்டது. 2018இல் ஏறக்குறைய 37,000. 2023இல் 32,000 சொச்சம். 1952இல் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து அவ்வளவு குறைந்ததில்லை. வலைகள் பெரும்பாலும் போன பிறகுதான் இந்தச் சரிவு. 2023 டிசம்பரில் கிரேட் பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மனை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவின் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. ஒருகாலத்தில் கடலுக்குப் போன நூறு ஸ்மோல்ட்டில் இருபதுக்கு மேல் திரும்பிய ஆறுகளுக்கு இப்போது ஐந்து திரும்பினாலே பெரிது. வெப்பமாகும் கடல், குறையும் இரை, பண்ணைகளிலிருந்து பெருகும் பேன், ஆற்றில் அணை, சூடேறும் நீர் என்று சேர்ந்தே அழுத்துகின்றன. வலையை எடுத்தது தவறல்ல. எடுக்காதிருந்தால் இந்த எண்கள் இன்னும் மோசமாக இருந்திருக்கும். ஆனால் ஓட்டையில் பெரியது வேறிடத்தில் இருந்தது.

இங்கேயும் தண்ணீர் குறுக்கே வருகிறது. 2018 கோடை, ஸ்காட்லாந்து நினைவில் வைத்திருக்கும் வறண்ட கோடைகளில் ஒன்று. அந்த ஆண்டின் 37,000 என்பதில் எவ்வளவு மீன் குறைவு, எவ்வளவு மழைக்குறைவு? தூண்டில் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. பிடிபட்டது என்பது வந்த மீனின் எண்ணிக்கை மட்டுமல்ல. எத்தனை பேர் கரையில் நின்றார்கள், எத்தனை நாள் நீர் சரியாக இருந்தது என்பதும் அதற்குள் கலந்திருக்கிறது. அதனால்தான் மீனை எண்ணும் கருவிகள் வேண்டியிருக்கின்றன. டே ஆற்றின் கிளையான டம்மலில், பிட்லாக்ரி அணையை ஒட்டி மீன் ஏணி ஒன்று இருக்கிறது. அடுக்கடுக்காக 34 தொட்டிகள். அணையைத் தாண்டும் மீனை அங்கே எண்ணுகிறார்கள். தூண்டில் எண்ணிக்கை விழுந்து ஏணியின் எண்ணிக்கை நிலையாக இருந்தால் குறை தண்ணீரில். இரண்டும் சேர்ந்து விழுந்தால் குறை கடலில்.

ஓர் ஆற்றின் பிடிப்புப் பட்டியல் கையில் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது அந்த ஆண்டின் கோடை மழையை, அடுத்தது அங்கே வலை நின்ற ஆண்டை. ஒரே ஓர் ஆண்டை முந்தைய ஆண்டோடு ஒப்பிடுவதில்லை. பத்தாண்டுச் சராசரியில் தெரியும் இறக்கத்தைத்தான் நம்புகிறேன்.

கெல்சோவில் வெறுங்கையோடு கரையேறுகிறவர் இப்போது கழிமுகத்து வலையைச் சொல்வது அபூர்வம். சீல்கள் தின்றுவிடுகின்றன என்கிறார், மீன் தின்னும் வாத்துகள் ஸ்மோல்ட்டை விட்டுவைப்பதில்லை என்கிறார். பிறகு அளவுப் பலகையை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் காரை நோக்கி நடக்கிறார்.